தவுளிப் பாறையில் இல்லாத வரிகள்

மார்ச் 15, சனிக்கிழமை, புவனேசுவரம்

ரயிலை விட்டு இறங்கும்போது மணி நாலரை. பங்குனி இப்போதுதான் பிறந்திருக்கிறது, ஆனால் இந்த ஊர் அதற்குள் அக்னி நட்சத்திரம் மாதிரி கொதிக்கிறது. நிலைய வாசலில் படுத்திருந்த நாயின் முதுகு முழுக்க ரோஸ் நிறம். சுவர், பைக் சீட்டு, ஆட்டோக்காரரின் காதோரம், எங்கே பார்த்தாலும் ஹோலிப் பொடி. அவர் எங்களை "மவுசி, மவுசி" என்றே கூப்பிட்டார். சித்தி, பெரியம்மா என்று அர்த்தமாம். இரண்டு கிலோமீட்டருக்கு 80 ரூபாய் கேட்டார். தங்கை 60 என்றதும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

வருவாய்த் துறையில் 33 வருஷம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. எங்காவது போய்விட்டு வா என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். காசி சொன்னார்கள், கேதார்நாத் சொன்னார்கள். நான் கலிங்கம், அதாவது இன்றைய ஒடிசா என்றேன். ஏழாம் வகுப்பில் எங்கள் வரலாற்று டீச்சர் கலிங்கப் போர்ப் பாடம் நடத்திய அன்று, போரில் ஜெயித்த ஒரு ராஜா அதற்காக அழுதார் என்பதை நம்பவே முடியாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜெயித்தவன் எதற்கு அழவேண்டும்? அவர் எழுத்து வெட்டிய பாறையை ஒருநாள் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அப்போது விழுந்த ஆசை.

பையில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பட்டம் சூட்டி எட்டு ஆண்டுகள் கழித்துக் கலிங்கத்தை வென்றேன். ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்று அவரே கணக்குச் சொல்கிறார். அவர்களில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு பேருக்கு இன்று அந்தத் துன்பம் வந்தாலும் எனக்கு மனம் கனக்கும் என்கிறார். அந்தப் பாறையின் முன்னால் நின்று இதை வாசிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணமே. தங்கைக்குப் பூரி ஜகந்நாதர். கடைசி இரண்டு நாள் அவளுக்கு என்று பேச்சு.

ராத்திரி சாப்பாட்டுக்குச் சோறும் தால்மாவும். துவரம்பருப்பில் வாழைக்காய், பூசணி, பப்பாளிக்காய் எல்லாம் போட்டு, வறுத்த சீரகமும் மிளகாயும் பொடித்துத் தூவுகிறார்கள். புளி கிடையாது. 110 ரூபாய்க்கு இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டோம். இரண்டாம் முறை சோறு போட வந்த பையன், வேண்டாம் என்று கையை இலைக்கு மேலே வைத்த பிறகும் ஒரு கரண்டி போட்டுவிட்டுத்தான் போனான்.

மார்ச் 16, ஞாயிறு, தவுளி

காலையில் விடுதிக்கு எதிரே தள்ளுவண்டியில் பராவும் குகுனியும். பரா நம் உளுந்து வடை மாதிரிதான், நடுவில் ஓட்டை இல்லை. குகுனி பட்டாணிக் குழம்பு. இலைத் தொன்னையில் 30 ரூபாய். ஐந்து ரூபாய் சில்லறை இல்லை என்று வண்டிக்காரர் இன்னொரு வடையைத் தூக்கிப் போட்டார்.

தவுளி ஊருக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டர். எந்த வண்டிக்காரரிடம் சொன்னாலும் நேராக மலை உச்சியில் உள்ள சாந்தி ஸ்தூபிக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். ஜப்பான் புத்த சங்கத்தார் 1972இல் கட்டியது; வெள்ளைக் குவிமாடம், முந்திரிப் பருப்புக் கடைகள், செல்ஃபிக் கூட்டம். கல்வெட்டு மலையடிவாரத்தில் இருக்கிறது. "கல்வெட்டு, அசோகர், யானை" என்று மூன்று தரம் சொல்லி வண்டியைத் திருப்ப வைத்தோம்.

முதலில் கண்ணில் படுவது அந்த யானைதான். பாறையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிற மாதிரி முன்பாதி மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய மண்டை, உள்பக்கமாக வளைந்த துதிக்கை, ஒரு முன்னங்கால் லேசாக மடங்கி அடுத்த அடி எடுத்து வைக்கிற நிலையில். பின்பாதி இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேலாக அது அந்த ஓர் அடியை எடுத்து வைத்துக்கொண்டே நிற்கிறது. நான் இவ்வளவு அமைதியான யானையைக் கல்லில் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே கம்பித் தடுப்புக்குப் பின்னால் எழுத்துகள். பிராமி எழுத்து, பிராகிருத மொழி. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் சில இடங்களில் வரிவரியாகத் தெரிகிறது, சில இடங்களில் பாறை பொரிந்து ஒன்றுமே இல்லை. மார்க்கம் கிட்டோ என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1837இல் இதைக் கண்டுபிடித்தார். ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர் பிராமியைப் படித்துக் காட்டியதும் அதே ஆண்டுதான். அதுவரைக்கும் பல நூறு வருஷம் இந்த எழுத்தைப் படிக்க ஆளே இல்லாமல் கிடந்திருக்கிறது.

நான் நோட்டை எடுத்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவர் எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். 13ஆம் கல்வெட்டு என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அது இங்கே இல்லையே, மேடம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கலிங்கப் போரைப் பற்றிய கல்வெட்டு கலிங்கத்தில் இல்லையா?

இல்லை. 1 முதல் 10 வரை இருக்கிறது, 14 இருக்கிறது. 11, 12, 13 மூன்றும் இங்கே கிடையாது. கலிங்கத்தின் இன்னொரு பாறையான ஜவுகடாவிலும் கிடையாது. அந்த மன்னிப்பு வாசகம் குஜராத்தின் கிர்னாரில் இருக்கிறது, உத்தராகண்டின் கால்சியில் இருக்கிறது, ஆந்திராவின் எர்ரகுடியில் இருக்கிறது, இன்றைய பாகிஸ்தானில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் கிரேக்க மொழியிலேயே இருக்கிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னவர், அடிபட்ட ஜனங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

முகம் வாடிவிட்டது போலிருக்கிறது. தங்கை என் கையைப் பிடித்து ஒரு மரத்தடிக்குக் கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"செத்த வீட்டுல போயி, நான் இத்தனை பேரைக் கொன்னேன்னு எவனாச்சும் கணக்கு வாசிப்பானாக்கா?"

"வாசிக்கணும்ட்டி. அங்கதான் வாசிக்கணும்."

"நீ வாசிப்பியா?"

பதில் சொல்ல வரவில்லை.

மாணவர் நல்ல பிள்ளை. எங்களை விட்டுப் போகாமல் வந்து, தன் கையிலிருந்த அச்சுத்தாள்களைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினார். 6ஆம் கல்வெட்டின் கடைசியில் 'ஸேதோ' என்று ஒரு சொல் இருக்கிறது. வெள்ளையன் என்று பொருள், மேலே நிற்கும் யானையைச் சொல்வது என்றார். புத்தரின் தாய் மாயாதேவியின் கனவில் வந்த வெள்ளை யானை. இங்கே 'ராஜா' என்பது 'லாஜா' என்றுதான் வெட்டப்பட்டிருக்கிறது. கிழக்கத்தி பாஷையில் ரகரத்துக்குப் பதில் லகரம் வருமாம். தேவானாம்பிய பியதஸி லாஜா, கல்வெட்டில் அசோகர் தன்னைச் சொல்லிக்கொள்வது அப்படித்தான். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். மழலை பேசுகிற மாதிரி இருந்தது.

2ஆம் கல்வெட்டுக்கு வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம், மூலிகை நடுதல், வழியில் கிணறும் மரமும் என்று வருகிற இடம். தன் ஆட்சியில் மட்டுமில்லாமல் எல்லைக்கு அப்பால் உள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி வரைக்கும் என்று பட்டியல் போகிறது. தாமிரபரணி என்றதும் தங்கை துள்ளிவிட்டாள். நாங்கள் பிறந்தது அந்த ஆற்றங்கரையில். மாணவர் சங்கடத்தோடு, அது இலங்கையைக் குறிக்கிறது என்பதுதான் அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து என்றார். சரி, பரவாயில்லை. பாண்டியர் இருக்கிறார்களே. சத்தியபுத்திரர் யார் என்ற கேள்விக்கு விடை நம் ஜம்பை மலையில் 1981இல் கிடைத்த கதையை நான் அவருக்குச் சொன்னேன். 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் குலம்தான் அது. இப்போது அவர் குறிப்பெடுத்தார்.

13க்குப் பதிலாக இங்கே இருப்பவை இரண்டு தனிக் கல்வெட்டுகள். தோசாலி நகரத்து மகாமாத்திரர்களுக்கு, நீதி விசாரிக்கும் அதிகாரிகளுக்கு அசோகர் இட்ட ஆணை. மாணவர் வாசிக்க வாசிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். நாலாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சுற்றறிக்கை. 33 வருஷம் நான் படித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்த்த அதே சாதி எழுத்து.

நீங்கள் பல ஆயிரம் உயிர்களுக்குப் பொறுப்பாக வைக்கப்பட்டிருக்கிறீர்கள். எல்லா மனிதரும் என் பிள்ளைகள். என் பிள்ளைகளுக்கு இம்மையிலும் மறுமையிலும் என்ன நன்மை வேண்டுமென்று நினைப்பேனோ அதையே எல்லோருக்கும் நினைக்கிறேன். இது எவ்வளவு தூரம் போகிற விஷயம் என்று உங்களுக்குப் புரியவில்லை. யாரோ ஒருவருக்குப் புரிந்தாலும் கொஞ்சம்தான் புரிகிறது. காரணமில்லாமல் ஒருவன் சிறையில் கிடக்கிறான், வதைபடுகிறான். நீங்கள் நடுநிலையில் நிற்கவேண்டும். சில குணங்கள் இருந்தால் அது நடக்காது: பொறாமை, கோபம், நிட்டூரம், அவசரம், பழகாமை, ஆலசியம், களைப்பு.

நிட்டூரத்துக்கும் ஆலசியத்துக்கும் கல்லில் இருப்பது கிட்டத்தட்ட அதே சொற்கள். 'நிதூலிய', 'ஆலஸிய'. எங்கள் ஆச்சி தினமும் சொன்ன வார்த்தைகள். களைப்பையும் அவர் குற்றங்களின் பட்டியலில் சேர்த்திருப்பதைப் பார்த்து என் பேனா நின்றுவிட்டது. களைத்தவன் எழுந்திருக்க மாட்டான். ஆனாலும் அசையவேண்டும், நடக்கவேண்டும், முன்னே போகவேண்டும் என்கிறார்.

ஒரு நாள் சாயங்காலம், ஜமாபந்தி வாரம். ஐந்தே முக்காலுக்கு ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை மனுவோடு வந்தார். காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை, தலைவலி. மனுவில் ஒரு நகல் குறைந்தது. அதை நானே கீழே போய் எடுத்து வைத்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. "திங்கக்கிழமை வாங்க" என்றேன். அவர் சரிம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார். திங்கள் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. மனுவில் இருந்த பெயர் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. நான் லஞ்சம் வாங்கியதில்லை, யாரையும் அதட்டியதில்லை என்று ஓய்வு பெறும்போது பெருமையாகப் பேசினேன். களைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாணவர் கிளம்பிப் போனபிறகு தயா ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் இருந்தோம். போரில் இந்த ஆறு ரத்தமாக ஓடியது என்று இங்கே சின்னக் குழந்தைகூடச் சொல்கிறது. இப்போது மணல் திட்டும், நடுவில் கொஞ்சம் தண்ணீரும், அதில் கழுத்தளவு முங்கிய எருமைகளும். இளநீர் 50 ரூபாய். வெட்டிக் கொடுத்த அம்மா, வழுக்கையைச் சுரண்டித் தரும்வரை போகவிடவில்லை. பாறை வெயிலில் என் செருப்பின் அடிப்பாகம் பெயர்ந்து வந்துவிட்டது. தங்கை தன் தலைமுடி ரப்பரைப் போட்டுக் கட்டிவிட்டாள். அதோடு விடுதி வந்து சேர்ந்தேன்.

மார்ச் 17, திங்கள், உதயகிரி

புதுச் செருப்பு 350 ரூபாய்.

உதயகிரி, கண்டகிரி இரண்டும் சமணக் குன்றுகள். அங்கே யானைக் குகையின் நெற்றியில் காரவேலன் வெட்டிய 17 வரிக் கல்வெட்டு இருக்கிறது. அசோகருக்கு நூறு, நூற்றைம்பது வருஷம் பின்னால் வந்த கலிங்க ராஜா. அருகதருக்கும் சித்தருக்கும் வணக்கம் சொல்லித் தொடங்குகிறான். பட்டத்துக்கு வந்த முதல் வருஷமே புயலில் இடிந்த நகரத்து வாசலையும் மதிலையும் கட்டினானாம். 2019 மே மாதம் ஃபானி புயல் இந்த ஊரைப் புரட்டிப் போட்டபோது தொலைக்காட்சியில் பார்த்த மரங்கள் ஞாபகம் வந்தன. புயல் அன்றிலிருந்து இங்கே வீட்டு விருந்தாளி.

அப்புறம் வருஷவாரியாகப் போர்கள். மேற்கே படை போனது, வடக்கே போய், அசோகர் ஆண்ட மகதத்தை மிரட்டியது, முன்பு மகதத்தார் தூக்கிப்போன கலிங்க ஜினரின், அதாவது சமணத் தீர்த்தங்கரரின், திருமேனியை மீட்டு வந்தது, தமிழ் மன்னர்களின் கூட்டணியை உடைத்தது, பாண்டியனிடமிருந்து முத்துகள் வந்தது. இந்தக் கல்வெட்டு பார்த்து நிற்கும் திசையில்தான் பத்து கிலோமீட்டர் தள்ளித் தவுளி இருக்கிறது. ஜெயித்தவன் போரை விட்டுவிட்டான். தோற்ற நாடு மூன்று நாலு தலைமுறைக்குள் படை திரட்டிவிட்டது. இதில் யாரைக் குறை சொல்ல? அத்தனை லட்சம் பேரை இழந்த ஊர், இனி யாரும் நம்மைத் தொடக்கூடாது என்று நினைப்பது எனக்குப் புரிகிறது.

நேற்றிரவு தூக்கம் வரவில்லை. நோட்டில் 13ஆம் கல்வெட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் பள்ளியில் தாண்டிப் போன ஓர் இடம் அதில் இருக்கிறது. காட்டுவாசிகளுக்கு அசோகர் சொல்வது: வருந்தினாலும் எனக்கு வலிமை இருக்கிறது, கொல்லப்படாமல் இருக்கவேண்டுமானால் திருந்துங்கள். படையை அவர் கலைக்கவில்லை. கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தூண் கல்வெட்டில் மரண தண்டனைக் கைதிக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார், தண்டனையை எடுக்கவில்லை. இதையெல்லாம் படித்தும் அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. சாப்பிடும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும் ஜனங்களின் காரியம் என்றால் வந்து சொல்லுங்கள் என்று 6ஆம் கல்வெட்டில் எழுதி வைத்தவர். அதிகாரம் கையில் இருந்தபோதே அப்படி எழுதியவர் எத்தனை பேர்? ஆனாலும் அந்த மன்னிப்பு இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. தங்கை சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

மதியம் சிசுபால்கட். 1948இல் தொல்லியல் அறிஞர் பி.பி.லால் அகழ்ந்த பழைய கோட்டை நகரம். பக்கத்துக்கு இரண்டாக எட்டு வாசல்கள் இருந்த ஊர். இதுதான் தோசாலி என்று சொல்பவர்கள் உண்டு. இப்போது மண்மேடும், கருவேலமும், கொஞ்சம் தூண்களும், நாலாபக்கமும் நெருங்கி வரும் புது வீடுகளும். பத்து நிமிடம்தான் நின்றோம், வெயில் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு சாப்பிட்டதுதான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த சாப்பாடு. பகாளா! வேறொன்றுமில்லை, நம் பழைய சோறு. வெண்கலக் கும்பாவில் தயிரும் எலுமிச்சை இலையும் போட்டு, தொட்டுக்கொள்ள வறுத்து நொறுக்கிய உளுந்து வடகம், கீரைப் பொரியல், சுட்ட கத்தரிக்காய், பொரித்த மீன். 160 ரூபாய். நம் ஊரில் ஒளித்துச் சாப்பிடுவதை இங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் கரண்டி இல்லாமல் கையால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள். தங்கை இரண்டாம் கும்பா வாங்கினாள். மீனைத் தொடும்போது 1ஆம் கல்வெட்டைச் சொன்னேன். முன்பு அரண்மனைச் சமையல்கட்டில் தினமும் லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயில், ஒரு மான் மட்டும், மானும் எல்லா நாளும் இல்லை, இனி அதுவும் கிடையாது என்கிறார். "வீட்டு அடுப்படியைக் கூடவா கல்லுல வெட்டுனாரு?" என்று கேட்டாள். ஆமாம், வெட்டியிருக்கிறார்.

சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்து, புழுதி கிளம்பி, ஆலங்கட்டியோடு அரைமணி நேர மழை. காலபைசாகி என்கிறார்கள். பிரம்மபூர் ரயில் இரண்டே முக்கால் மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தில் ஒரு குடும்பம் தங்கள் விரிப்பில் எங்களுக்கும் இடம் ஒதுக்கி, பொரியில் கடுகெண்ணெயும் வெங்காயமும் கலந்து நீட்டியது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, முதலில் சாப்பிடச் சொன்னார்கள்.

மார்ச் 18, செவ்வாய், ஜவுகடா

பிரம்மபூரில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறார்கள். தங்கை பத்து வருஷம் விஜயவாடாவில் இருந்தவள், அவளுக்குக் கை கால் முளைத்துவிட்டது. காருக்கு 1,800 பேசி முடித்தாள். ஓட்டுநர் அறுபதை நெருங்கியவர், தெலுங்கும் ஒடியாவும் தண்ணீர்பட்ட பாடு.

யாரும் எங்களிடம் சொல்லாத ஒன்று: சைத்ர மாதச் செவ்வாய்க்கிழமைகளில் தாராதாரிணி அம்மன் மலைக்கு ஊரே திரண்டு வரும். ஜவுகடாவுக்கு அதே சாலை. புருஷோத்தம்பூர் வழியில் வண்டி எறும்பாக ஊர்ந்தது. டிராக்டர் நிறைய ஜனம், மடியில் முதல் மொட்டை போடப்போகும் குழந்தைகள், மொட்டை போட்டுத் திரும்பும் குழந்தைகள் தலையில் மஞ்சள் பூச்சு. திருச்செந்தூர்ச் சாலையில் நிற்கிற மாதிரியே இருந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் போகவேண்டியது மூன்றரை மணி நேரம். ருசிகுல்யா ஆற்றைத் தாண்டியபோது நடுமதியம்.

பாறை இருக்கும் இடத்தில் கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் அம்மன் மலைக்குப் போயிருக்கிறாராம், எப்போது வருவார் என்று தெரியாது. கம்பி வழியே பார்த்தால் கூரைக்குக் கீழே பாறையும் எழுத்து வரிகளும் தெரிந்தன. தவுளியில் உள்ள அதே ஆணை, இங்கே சமாபா நகரத்து அதிகாரிகளுக்கு. ஜவு என்றால் அரக்கு. அரக்குக் கோட்டை இருந்த ஊர் என்று கதை. இப்போது நெல் வயலும் சில வீடுகளும்தான்.

வெயிலில் நிற்பதைப் பார்த்து ஒரு வயதான அம்மா பக்கத்து வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து எங்களைக் கூப்பிட்டார். எழுபத்தைந்து இருக்கும். சொம்பில் தண்ணீர், தட்டில் வெள்ளரிக்காயும் பொரியும். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஓட்டுநர் சொன்னதும், இந்தக் கல்லைப் பார்க்கவா என்று வியந்தார். சின்ன வயதிலிருந்து அதன் பக்கத்திலேயே இருக்கிறாராம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆணையின் முடிவில் ஒரு வாசகம் இருக்கிறது. இதைத் திஸ்ய நட்சத்திர நாளில், அதாவது நம் பூசத்தன்று, எல்லோரும் கேட்கும்படி வாசிக்கவேண்டும். இடைப்பட்ட நாளிலும், ஒரே ஒருவர் இருந்தாலும், வாசிக்கலாம். நான் நோட்டை விரித்தேன். நான் தமிழில் ஒரு வரி வாசிக்க, தங்கை தெலுங்கில் சொல்ல, ஓட்டுநர் ஒடியாவில் சொன்னார். எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்ற வரியை அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பொறாமை, கோபம், நிட்டூரம், அவசரம், ஆலசியம், களைப்பு எல்லாம் வந்தன. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி வந்து சோதிப்பார் என்பதும் வந்தது.

"நல்ல வார்த்தை. இதை யாருக்குச் சொன்னார்?"

"அதிகாரிகளுக்கு."

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் கவரோடு திரும்பி வந்து என் மடியில் வைத்தார். பாஸ்புத்தகம், அட்டைகளின் நகல்கள், நாலாக மடித்த சில தாள்கள். எல்லாம் ஒடியா, எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் முத்திரை எங்கே இருக்கிறது, தேதி எங்கே இருக்கிறது, எது விண்ணப்பம், எது பதில் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. உதவித்தொகை நின்று ஏழு மாதம். மெஷினில் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கட்டைவிரலைக் காட்டினார். உலக்கையும் அரிவாளும் பிடித்து வழவழவென்று கிடந்தது.

மனு எழுதலாமா என்று கேட்டேன். ஓட்டுநர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காகிதம் கிடையாது, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். நான் வரிசை சொன்னேன்: பெறுநர், பொருள், முந்தைய மனுவின் தேதி, தொகை நின்ற மாதம், கைரேகை பதியாத முதியவருக்கு வேறு வழியில் அடையாளம் சரிபார்க்கக் கோருதல், இணைப்புப் பட்டியல். தங்கை தெலுங்காக்க, ஓட்டுநர் முத்து முத்தாக எழுதினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் சாவிக்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டு, போய்ப் பாருங்கள் என்று இரண்டு தரம் கூப்பிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றோம்.

கையெழுத்து போடும் இடத்துக்கு மைப்பெட்டி இல்லை. பேனாவால் அந்த அம்மாவின் கட்டைவிரல் முழுக்கக் கிறுக்கி, தாளில் வைத்து மெதுவாக உருட்டினேன். கோடுகள் மிக மெல்லியதாக, ஆனால் விழுந்தன.

படித்துக் காட்டச் சொன்னார். ஓட்டுநர் முதலிலிருந்து உரக்கப் படித்தார். மூன்றாவது வரியில் அந்த அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். கணவர் பெயரில் ஓர் எழுத்து தப்பாம். திருத்தினோம்.